ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனர்

நின்றபடியேதான் சாப்பிடுவாள். சாப்பாட்டு டப்பா இடது உள்ளங்கையில் இருக்கும். வாய் மென்றுகொண்டிருக்க, கால் பக்கத்தில் நிற்கும் வண்டியின் பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்க்கும். "லூசா இருக்குண்ணே, யாரு வண்டி இது?" என்பாள். பாதிச் சாப்பாட்டில் டப்பா மூடப்பட்டுவிடும்.

பைக் பட்டறையில் வேலை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காதில் விழாது; 'ஸ்பேனர்' என்றால்தான் திரும்புவாள். "கால்ல சக்கரத்தக் கட்டிக்கிட்டே பொறந்திருக்கா. லீவு நாள்லயாவது வீட்ல உக்காருடின்னா கேக்கறாளா?" என்று அவள் அம்மா வாடிக்கையாளனான என்னிடமே பஞ்சாயத்து வைத்திருக்கிறார்.

ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டி ஓர் இல்லம். நடக்க முடியாதவர்கள், போக்கிடம் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். ஞாயிறுதோறும் இவளும் தையல்காரத் தோழியும் அங்கே போய்விடுவார்கள். தோழி சக்கர நாற்காலிகளின் கிழிந்த இருக்கைகளைத் தைப்பாள். சக்கரமும் பேரிங்கும் பிரேக்கும் இவள் பாடு. "நாற்காலி குடுக்கறவங்க போட்டோ எடுத்துட்டுப் போயிடறாங்க. எண்ணெய் யாரு விடறது?" என்பாள். சேவை என்று யாராவது சொன்னால் முகம் சுளிப்பாள். "சும்மா இருக்க முடியல, அதான் வர்றேன்."

அங்கே ஒருவர் இருந்தார்; முன்பு வேன் ஓட்டியவர், விபத்தில் இரண்டு கால்களும் விளங்காமல் போனவர். அவருடைய நாற்காலி யாராவது தள்ளினால்தான் நகரும். இவள் பேரிங்கை மாற்றி, வளைந்த விளிம்பை நிமிர்த்திக் கொடுத்தாள். வராந்தாவில் தானே ஒரு சுற்று வந்தவர், "அட, ஆளே வேணாம் போலிருக்கே!" என்றார்.

மறுநாள் காலை அவரைக் காணவில்லை.

தண்ணீர் லாரிக்காகக் கேட்டைத் திறந்தபோது வெளியே போயிருக்கிறார். இல்லத்து மேலாளர் அம்மாள் பட்டறைக்கே போன் செய்தார். என் வண்டியின் இன்ஜின் தரையில் பிரிந்து கிடந்தது. அதை அப்படியே போட்டுவிட்டு, முதலாளியின் ஸ்கூட்டரை எடுத்தாள். கூட வருகிறேன் என்று நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

வழியெல்லாம் வாய் ஓயவில்லை. "அந்த ரோட்ல லாரியாத்தான் வரும்ணே. பிரேக்க டைட் பண்ணேனா? பண்ணேன். பண்ணேன்ல?" என்னிடம் கேட்கவில்லை, காற்றிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடையில் இருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை, கையில் ஆவி பறக்கும் கிளாஸ்.

"எங்கண்ணே போனீங்க? எனக்கு உயிரே போயிடுச்சு!"

"டீ குடிக்க வந்தேம்மா. உள்ள குடுக்கறது கைக்கு வர்றதுக்குள்ள ஆறிப்போயிடுது." ஊதி ஒரு வாய் குடித்தார். "வண்டி நல்லாத்தான் ஓடுது. இடது பக்கம் மட்டும் லேசா இழுக்குது."

அழப்போகிறாள் என்று நினைத்தேன். உட்கார்ந்து இடது சக்கரத்தைப் பார்த்தாள்.

அவரைக் கூட்டிக்கொண்டு திரும்பியபோது மேலாளர் அம்மாள் கேட்டிலேயே நின்றிருந்தார். அத்தனை பேரையும் இரண்டே உதவியாளர்களை வைத்துக்கொண்டு பார்ப்பவர். அழுது கண்கள் சிவந்திருந்தன. "இவருக்கு ஒண்ணு ஆயிருந்தா யாரு பதில் சொல்றது? சக்கரத்த இறுக்கி விட்டுடும்மா. உள்ள சுத்தற அளவுக்கு ஓடினா போதும்."

ஓட்டுநர் தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இவள் ஸ்பேனரை எடுத்தாள். நட்டில் வைத்தாள். எடுத்துவிட்டாள். "இல்ல மேடம். ஓடற வண்டிய ஓடாமப் பண்ண எனக்குக் கை வரல."

"அப்போ இனிமே வராதே."

அடுத்த ஞாயிறு வீட்டில் இருந்தாள். மிக்ஸியைப் பிரித்தாள். ஒரு கோளாறும் இல்லாத மின்விசிறியைப் பிரித்தாள். வீட்டுத் தையல் மெஷின்மீது கண் போனபோது, "எங்கயாவது போய்த் தொலைடி!" என்று அம்மாவே விரட்டினார்.

நேரே இல்லத்துக்குப் போனாள். லாரிகளை நினைத்து அந்த வாரம் முழுக்கத் தூங்கவில்லை என்பதை மேலாளரிடம் மறைக்கவில்லை. "நீங்க பயந்ததுல தப்பே இல்ல மேடம். நானும்தான் பயந்தேன். வாரா வாரம் இவர் டீக்கடைக்குப் போறப்ப நானே கூடப் போறேன், நானே கூட்டிட்டு வர்றேன். மத்தவங்கள்ல யாரு கேட்டாலும் அப்படித்தான்."

அந்த அம்மாள் அவளையும் ஓட்டுநரையும் மாறி மாறிப் பார்த்தார். "டீ குடிச்சதும் திரும்பிடணும். அங்க உக்காந்து அரட்டை கூடாது."

அந்த முதல் நடைக்கு நானும் போயிருந்தேன். கேட்டைத் தாண்டியதும் சாலை வரை மண்மேடு. சக்கரம் மணலில் புதைந்து வழுக்கியது. மூச்சு வாங்க, திரும்பிப் பார்க்காமலே ஓட்டுநர் சொன்னார்: "தொடாதம்மா. நானே ஏத்தறேன்."

நாற்காலி ஒரு முழம் ஏறி, அரை முழம் பின்னுக்கு வந்தது. மேலே சாலையில் லாரி ஒன்று அலறிக்கொண்டு போனது. அவளுடைய கைகள் பிடியை நோக்கி நீண்டன. சட்டென்று இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஒரு கை இன்னொரு கையின் மணிக்கட்டை, நழுவிவிடாதபடி, இறுக்கிப் பிடித்திருந்தது.