தாரணியை வீட்டிலேயே வைத்திருக்கிறோம்

மனநலப் பிரிவின் நடைபாதையில், தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று முந்தானையை இழுத்திழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் மகள் தாரணி, பதினோரு வயது, நாற்காலியின் ரெக்ஸின் உறையை நகத்தால் கிழித்துக்கொண்டிருந்தாள். தடுக்கத் தெம்பில்லை. கிழித்தால் கிழிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சூலூரில் எங்களுக்கு விசைத்தறி. எங்கள் பக்கத்தில் பிள்ளை அடங்கவில்லை என்றால் முதலில் தேடுவது டாக்டரை அல்ல, கண்டிப்பான ஹாஸ்டல் பள்ளியை. தாரணி தன் தம்பியின் விரலைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினாள். பக்கத்து வீட்டில் திருடினாள். கேட்டால் கண்ணைப் பார்த்தே பொய் சொன்னாள். எல்லாம் கொழுப்பு என்றுதான் நினைத்தோம். பெருந்துறைப் பக்கம் ஒரு ஹாஸ்டலில் சேர்த்தோம். ஒரு பருவம்கூடத் தாங்கவில்லை. அறையிலிருந்த பெண்ணின் சடையை வெட்டிவிட்டு மதிலேறிக் குதித்தாள். “கூட்டிட்டுப் போயிருங்க” என்றார்கள், மரியாதையாகத்தான்.

பிறகுதான் கோயம்புத்தூரில் இந்த ஆஸ்பத்திரி. டாக்டரம்மா பல முறை வரவழைத்துப் பார்த்த பின் பெயர் சொன்னார்: கண்டக்ட் டிஸ்ஆர்டர் (பிறரைத் துன்புறுத்துவதும் விதிகளை மீறுவதும் விடாமல் தொடரும் நடத்தைக் கோளாறு). கூடவே ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமை, அளவு மீறிய துறுதுறுப்பு), டிஸ்லெக்சியா (எழுத்துக் கூட்டிப் படிப்பதில் சிரமம்). இவை பல பிள்ளைகளுக்குச் சேர்ந்தே வருமாம்.

“பாப்பா உள்ளுக்குள்ள ரொம்ப ஒடஞ்சு போயிருக்குதுங்க” என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் உடைந்திருக்கிறாள் என்றால் நான் யாராம்?

“மாத்திரையில சரியாயிருமுங்களா?” என்று கேட்டார் என் கணவர்.

“மாத்திரை கவனத்துக்குத்தானுங்க. நடத்தைக்கு நீங்க ரெண்டு பேரும் மாறோணும். அடிக்கறத மொதல்ல நிறுத்துங்க.”

இதே வழியில் வந்துகொண்டிருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பெற்றோர் பயிற்சி (பிள்ளையை நடத்தும் முறையை நமக்குக் கற்றுத்தரும் சிகிச்சை) சலிப்பூட்டும் வேலை. தட்டைக் கழுவி வைத்தால் பாராட்ட வேண்டும், கத்தினால் கத்தக் கூடாது. நான் என்ன கல்லா? பாதி நாள் தோற்றுப்போனேன்.

கணவரின் அக்காவுக்கு, எங்கள் நங்கையாளுக்கு, இதெல்லாம் பிடிக்கவில்லை. “பொம்பளப் புள்ள, அம்மணி. இந்த ஆஸ்பத்திரிக்குப் போறது வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டுவா? வெள்ளகோவில் பக்கம் ஒரு ஹாஸ்டல் இருக்குது. கம்முனு சேத்திப்போட்டு வா.”

கணவர் ஊம் கொட்டிக்கொண்டிருந்தார். மறு வாரம் தாரணி கத்தரிக்கோலால் தறியில் ஓடிய பாவு நூலை, நீளவாக்கு இழைகள் மொத்தத்தையும், குறுக்கே வெட்டிவிட்டாள். அவர் அவள் துணிகளைப் பெட்டியில் அடுக்கினார். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த தாரணி அழவில்லை. தன் செருப்பைத் தானே எடுத்துவந்து பெட்டியருகில் வைத்தாள். அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

“அவ போனா நானும் போறேனுங்க” என்றேன்.

அடுக்கிய துணிகளை அவர் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். பிறகு பெட்டியைத் தூக்கிப் பரணில் வைத்தார். நங்கையாள் அதன்பின் வீட்டுக்கு வரவில்லை.

தாரணி குணமாகிவிட்டாள் என்று எழுத ஆசைதான். பொய் சொல்வது குறைந்திருக்கிறது. தம்பியை அடித்தால், சில சமயம், அவளே வந்து சொல்கிறாள். அடுத்த வருஷத்தைப் பற்றி நான் யோசிப்பதில்லை. இன்றைக்கு விளக்கு வைக்கும்வரை போனால் போதும்.

போன வாரம், அவள் இப்போது போகிற உள்ளூர்ப் பள்ளியிலிருந்து போன் வந்தது. இந்த முறை யாரை என்ன செய்தாளோ என்று நினைத்தபடி எடுத்தேன்.

“பாப்பாக்குக் காச்சலுங்க. வந்து கூட்டிட்டுப் போறீங்களா?” என்றார் டீச்சர்.

“வேற ஒண்ணுமில்லீங்களா?”

“வேற என்னங்க, காச்சல்தான்.”

ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் வருகிற காய்ச்சல். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும், யாரையும் தொடவிடாதவள், தானாக வந்து என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். கொதிக்கிற அந்தத் தலையின் பாரத்தில் என் கால் மரத்துப்போனது. நான் அசையவில்லை. மருந்து கொடுத்துவிட்டு, காய்ச்சல் கொஞ்சம் மெதுவாக இறங்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன், பாவி.