ரெண்டு ஷிப்டும் ஒரு ஓவர்டைமும்

எனக்கு எழுபத்திரண்டு வயது. நான்கு பேரை வளர்த்தேன், மூன்று பெண், கடைசியாக ஒரு பையன். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்து வளர்த்தேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், ஆனால் யாரிடமும் கை நீட்டியதில்லை.

பையன் தோல் வேலைக்குப் பிரேசில் கிளம்பியபோது, எவ்வளவு தூரம் என்று கேட்டேன். செல்லில் பார்த்தான். கிலோமீட்டர் சொன்னால் எனக்குப் புரியாதென்று அவனுக்குத் தெரியும். "ரெண்டு ஷிப்டும் ஒரு ஓவர்டைமும்மா. அவ்ளோதான்" என்றான். ஷிப்டு எட்டு மணி நேரம், ஓவர்டைம் நாலு. அவ்வளவுதானே என்று மனசு ஆறியது. தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன்.

போன வருஷம் ஒரு வியாழக்கிழமை விடியலில் அவன் அப்பா போய்விட்டார். உடனே கிளம்புகிறேன் என்று போனில் அழுதான். ஐஸ் பெட்டி வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் கொழுந்தனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அண்ணி, இன்னும் எவ்ளோ நேரம்?"

"ரெண்டு ஷிப்டு, ஒரு ஓவர்டைம். இப்ப வந்துடுவான்."

"அது நேத்து ராத்திரியோட முடிஞ்சிருக்கணுமே அண்ணி. நாளைக்கு சனி. சனிப் பொணம் தனியா போவாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

வாசலில் யாரோ, "ஆயா கணக்கு நைட் ஷிப்டா, டே ஷிப்டா?" என்றார்கள். ஒருத்தி சிரிப்பை அடக்கினாள்.

அவனுக்குப் போன் போட்டோம். போகவில்லை. வெயில் இறங்கிக்கொண்டே இருந்தது. பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீடு. யாரையாவது துணைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டால்? எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"எடுங்க" என்றேன்.

கொழுந்தனார் மகன்தான் கொள்ளி வைத்தான்.

சனிக்கிழமை காலை, பால் தெளிக்கக் கிளம்பும்போது ஆட்டோ வந்து நின்றது. ஷூவைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான். பெட்டி வைத்திருந்த இடத்தில் தரை இன்னும் ஈரமாக இருந்தது. அதிலேயே உட்கார்ந்தான்.

"இன்னும் கொஞ்ச நேரம் வெச்சிருக்கக் கூடாதாம்மா?"

"ரெண்டு ஷிப்டும் ஒரு ஓவர்டைமும்னு நீதானடா சொன்ன?"

"அது பிளேன் பறக்குற நேரம்மா. ஏர்போர்ட்டுக்கு வர்றது, நடுவுல இறங்கிக் காத்துக் கெடக்குறது, அதெல்லாம் அதுல இல்லம்மா."

"அப்ப ஏன்டா அப்படிச் சொன்ன?"

"நீ பயந்துடுவன்னுதான்."

ஈரத்தில் அவன் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். பால் சொம்போடு எல்லோரும் வெளியே நின்றார்கள்.

பதினாறாம் நாள் முடிந்து திரும்பிப் போய்விட்டான். தெருவில் இன்னும் கேட்கிறார்கள், உன் பிள்ளை எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று. நான் இப்போதெல்லாம் ஊர்ப் பெயரை மட்டும் சொல்கிறேன்.

எழுதி முடித்துப் பேத்தியைக் கூப்பிடுகிறேன். பாப்பா, இங்க வா. ஆயா எழுத்து கோணலாத்தான் இருக்கும். மொதல்லேர்ந்து படி. "எடுங்க"ன்ற எடத்துல மட்டும் நிறுத்தாத, படிச்சிக்கிட்டே போ.