புதிய சாவி, பழைய சாவி

பாதி உப்பைப் புதிய டப்பாவில் கொட்டி, ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துப் பார்க்கிறார். உப்புதான் என்று தெரிந்த பிறகே மீதியைக் கொட்டுகிறார்.

"நீயேதானே கொட்டுன, அதுக்குள்ள சர்க்கரையாவா மாறிடும்?" என்கிறார் கணவர்.

"மாறாதுன்னு யாரு சொன்னா?"

குடிநீர் அலுவலகத்தில் கோபோல் என்ற பழைய கணினி மொழியில் நிரல் எழுதுகிறவர் இவர். அங்கே இவருக்கு வைத்த பெயர் 'அப்புறமா அழி'. காரணம் உண்டு. ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் ஓர் எண். அதைக் கொடுத்தால்தான் கோப்பில் அந்த வீட்டின் பதிவு திறக்கும். அதனால் அந்த எண்ணைச் சாவி என்பார்கள். பதிவில் வேறெதையும் இருந்த இடத்திலேயே திருத்தலாம், சாவியை மட்டும் கூடாது. பழைய பதிவைப் படித்து, புதிய எண்ணில் வேறு யாரும் இல்லை என்று பார்த்து, அங்கே எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து, கடைசியில்தான் பழையதை அழிக்க வேண்டும்.

ஒரு முறை பக்கத்து மேசைக்காரர் அவசரத்தில் ஒரு வீட்டின் எண்ணை அப்படியே மாற்றி எழுதிவிட்டார். அந்தப் புதிய எண்ணில் ஏற்கெனவே இருந்த தையற்கடைக்காரர் கோப்பிலிருந்து காணாமல் போனார். அவரே நேரில் வந்து, "நான் இருக்கேனா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார். தத்துவ நூல்களில் இந்தக் கேள்வியை இவ்வளவு நேராக யாரும் கேட்டு நான் படித்ததில்லை.

"இருக்கீங்கண்ணே. உங்க மேல இன்னொருத்தர் உக்காந்திருக்காரு" என்றார் இவர். முந்தைய நாள் நகலிலிருந்து மாலைக்குள் அவரை மீட்டும் கொடுத்தார்.

இதை ஞானம் என்று சொல்ல எனக்குத் தயக்கம்தான். இவரோடு பேருந்தில் இடம் மாறி உட்கார்ந்தவர்களுக்கும் தயக்கம் இருக்கும்; புது இடத்தில் நன்றாக உட்காரும்வரை பழைய இடத்திலிருந்து பையை எடுக்கமாட்டார்.

நான் இருக்கும் மாடிக்குக் கீழ்வீட்டை இவர் போன வாரம் காலி செய்தார். சாமான்களோடு கணவர் புது வீட்டுக்குப் போய்விட்டார். இங்கே வாசலில் வீட்டுக்காரர். பக்கத்தில், பெட்டிமேல் உட்கார்ந்தபடி, குடிவர வந்திருந்த அவருடைய நிறைமாத மகள். நல்ல வெயில்.

"சாவியைக் குடுங்கம்மா" என்றார் வீட்டுக்காரர்.

"ஒரு நிமிஷம் ஐயா. புதுசைப் படிச்சுப் பாத்துடறேன்." கணவரைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டார். "உள்ள போயிட்டீங்களா? லைட் எரியுதா?"

"எரியுது."

"தண்ணி?"

"வரலியே."

சாவி இருந்த கை முதுகுக்குப் பின்னால் போனது. "குடிநீர் ஆபீசுக்காரங்க வீட்டுலயேவா?" என்றார் வீட்டுக்காரர்.

"அக்கா, தலை சுத்துது. குடுத்தீங்கன்னா உள்ள போயி படுத்துக்குவேன்" என்றாள் மகள்.

இவர் அவள் முகத்தைப் பார்த்தார். கை முன்னால் வந்தது. சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார். விரல்களை மட்டும் எடுக்கவில்லை.

"வெளியில வால்வு இருக்கும், திறங்க" என்றார் போனில்.

குழாய் இரண்டு முறை இருமியது. பிறகு வாளியில் தண்ணீர் விழும் சத்தம். விரல்கள் ஒவ்வொன்றாக விலகின.