புரிஞ்சுது என்று சொல்லக் கூடாது

என் மருமகள் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஊரார் துணி இல்லை, மருத்துவமனைப் படுக்கை விரிப்புகள். இயந்திரத்திலிருந்து ஆவி பறக்க வந்து விழும் விரிப்பை இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று பிடித்து மடிக்க வேண்டும். மடித்து மடித்து அவள் கை எதைக் கண்டாலும் மடிக்கும். நான் களைந்து போட்ட புடவை திரும்பிப் பார்ப்பதற்குள் சதுரமாகியிருக்கும். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் அந்த ஆவிமேல்தான். ரொம்ப நாளாக இருமல். "முதல்ல அந்த ஆவிய விட்டு வெளிய வாம்மா, மருந்தெல்லாம் அப்புறம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வெளியே வர ஒரே வழி முன்மேசை. வண்டியில் வந்து இறங்கும் மூட்டைகளைச் சரிபார்த்துப் பதிவு செய்கிற வேலை. அங்கே உட்கார்ந்திருந்தவர் வேலையை விடப்போவதாகப் பேச்சு. பள்ளியிறுதிச் சான்றிதழோடு வந்தால் இடம் உனக்கு, இல்லாவிட்டால் வேறு ஆள் என்றார் மேலாளர். இவளுக்கு மற்றப் பாடமெல்லாம் தேறியாகிவிட்டது. கணக்கு மட்டும் தொண்டையில் மாட்டிய முள்ளாக நின்றது.

அப்படித்தான் ஃபோனில் அந்தக் கூட்டம் சேர்ந்தது. இவளோடு சேர்த்து மூன்று பேர். எல்லாரும் வீட்டிலிருந்தபடி பரீட்சைக்குப் படிக்கிறவர்கள். ஒருவர் பஸ் ஓட்டுகிறவர். ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் நடுவே, காலி பஸ்ஸில் உட்கார்ந்து பேசுவார். இன்னொருத்தி கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் பெண். அவள் குரல் காதில் எறும்பு ஊர்வது போல இருக்கும். எறும்பு என்று நான் வைத்த பெயரே நிலைத்துவிட்டது.

"முகம் தெரியாத ஆம்பளையோட உனக்கு என்னடி கணக்கு?" என்று கேட்டேன்.

"அவருக்கும் என் முகம் தெரியாது அத்தை. சரிக்குச் சரியாப் போச்சு."

எனக்கு அது சரியாகப் போகவில்லை. இன்றுவரை முழுதாகப் போகவில்லை.

பஸ்காரர் ஃபோனில் படம் நின்று நின்று போகும் என்பதால் வெறும் பேச்சுதான். வாயால் கணக்குச் சொன்னால் வம்பு வருமாம். எக்ஸ் கூட்டல் மூணு, பெருக்கல் ரெண்டு என்றால், பெருக்க வேண்டியது மூணை மட்டுமா, ரெண்டு பேரையுமா? முதல் வாரம் முழுக்க இதிலேயே மல்லுக்கட்டு. கடைசியில் பஸ்காரர்தான் அடைப்புக்குறிக்குக் கதவு என்று பெயர் வைத்தார். இவளும் உடனே சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள்: "கதவைத் திற. எக்ஸ் கூட்டல் மூணு. கதவைச் சாத்து. பெருக்கல் ரெண்டு."

நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"ஐயோ அத்தை, உங்கள இல்ல!"

"பின்ன யாரச் சொன்னே? வீட்ல வேற யாரு இருக்கா?"

ஃபோனுக்குள்ளிருந்து பஸ்காரர், "அம்மா, முதல்ல டிக்கெட் எடுங்க!" என்று சிரித்தார். மரியாதை தெரிந்த ஆள்தான், வாய்தான் நீளம்.

அவர்கள் வழக்கம் இது: கணக்கைப் போட்டவர் வாய்விட்டு ஒப்பிப்பார். மற்ற இருவரும் "புரிஞ்சுது" என்பார்கள். அடுத்த கணக்கு. வண்டி நன்றாகத்தான் ஓடியது.

ஒரு சாயங்காலம் கதவுக்கு வெளியே கழித்தல் நிற்கும் கணக்கு வந்தது. பஸ்காரர் கடகடவென்று சொல்லி முடித்தார். கதவைத் திறந்தால் உள்ளே இருக்கிற கழித்தல் கூட்டலாகிவிடுமாம். இவள், "புரிஞ்சுது" என்றாள்.

எறும்பு கேட்டது: "அக்கா, ஏன் கூட்டலாகுதுன்னு நீங்க ஒரு தடவ சொல்லுங்களேன்."

"அதான் புரிஞ்சுதுன்னேனே."

"இல்லக்கா, சொல்லுங்க."

இவள் முகம் சுண்டிப்போனது. "நீ என்ன எனக்குப் பரீட்சை வைக்கிறியா?" என்று வெடுக்கென ஃபோனை வைத்துவிட்டாள்.

அதன்பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. என் மகன் தெரியாத்தனமாக, "என்ன, உன் பஸ் போயிடுச்சா?" என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். இவளோ அடுப்படியில் நின்று இருமிக்கொண்டே, "எனக்கெல்லாம் ஆவிதான் எழுதியிருக்கு அத்தை" என்றாள். எழுதினவன் கையை முறி என்றேன்.

எறும்புதான் திரும்பக் கூப்பிட்டது. இவள் கை ஈரமாக இருந்ததால் ஃபோன் அடுப்பு மேடையிலேயே கிடந்து பேசியது.

"அக்கா, கோவமா? எனக்கு அந்தக் கணக்கு சத்தியமாப் புரியல. கேட்டா மானம் போயிடும்னுதான் உங்களச் சொல்லச் சொன்னேன். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"எனக்கா? எனக்கு ஒரு மண்ணும் தெரியாது!"

பஸ்காரரையும் இழுத்தார்கள். அவர் கொஞ்ச நேரம் தொண்டையைக் கனைத்தார். "அது வந்து... எங்கண்ணன் மக போட்டுக் குடுத்தது. நான் மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சேன்."

"அடப்பாவி அண்ணே!"

மூன்று பேரும் புரிந்தது புரிந்தது என்று ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் சிரிப்பு. பிறகு எக்ஸை ஓரமாக வைத்துவிட்டு அந்தக் கணக்கை நோண்டத் தொடங்கினார்கள். பஸ்காரர் பயணிகளை ஏற்றி இறக்கிப் பார்த்தார். நடுவழியில் அவருக்கே குழம்பிவிட்டது. அப்புறம் இவள் மெல்ல ஆரம்பித்தாள்.

"அம்பது விரிப்பு இருக்கு. பத்த அனுப்பிட்டோம். அதுல மூணு கறை போகலன்னு திரும்பி வந்துடுச்சு. இப்ப எத்தன?"

"முப்பத்தேழு" என்றார் பஸ்காரர்.

"மூணையும் எதுக்கு அண்ணே கழிக்கிறீங்க? அது திரும்பி வந்துடுச்சே!"

"வந்தத..." எறும்பு இழுத்தது, "வந்தத நம்ம அடுக்குல சேக்கணும். நாப்பத்தி மூணு. அக்கா! அதனாலதான் கூட்டல்!"

"இருங்க, இருங்க, நான் இன்னும் ஏறல" என்றார் பஸ்காரர். அவரை ஏற்றுவதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான்தான் துடைத்தேன்.

அன்றோடு அந்தக் கூட்டத்தில் "புரிஞ்சுது" என்ற சொல்லுக்குத் தடை. யார் வாயில் வந்தாலும் அவர் அந்தக் கணக்கை முதலிலிருந்து தன் வார்த்தையில் சொல்ல வேண்டும். ஒரு கணக்குக்கு ஒரு சாயங்காலமே போனது. பாதிப் புத்தகத்துக்கு மேல் போக நேரமில்லை. பரீட்சைக்கு அந்தப் பாதியோடுதான் போனார்கள்.

எறும்பு நன்றாகத் தேறியது. இவள் கரையைத் தொட்டுத் தேறினாள். பஸ்காரர் தேறவில்லை. "பரவால்லம்மா, அடுத்த நடையில பாத்துக்கலாம்" என்றாராம். அவருக்காக இரண்டு பேரும் மிச்சப் பாதியை இப்போது போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

போன மாதத்திலிருந்து இவள் முன்மேசையில் உட்காருகிறாள். இருமல் நின்றுவிட்டது என்கிறான் என் மகன். குறைந்திருக்கிறது, நிற்கவில்லை என்கிறேன் நான். படுத்ததும் குறட்டை விடுகிறவனுக்கு என்ன தெரியும்?