வளைகாப்புக்கு வாங்கிய வீடியோ கேமரா

என் வீட்டுக்காரர் ஓசூரில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வந்த சாமானில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவதற்குச் சம்பளம் வாங்குகிறவர். அந்த வேலையைக் கம்பெனி கேட்டோடு விட்டுவிட்டு வந்தால் பரவாயில்லை, வீட்டுக்கும் கொண்டுவருவார். குக்கர் வாங்கப் போனால், கடைக்காரர் "சார், வேற கடை பாருங்களேன்" என்று கும்பிடும்வரை மூடியைத் திறந்து திறந்து மூடுவார். இட்லித் தட்டில் ஒரு குழி மட்டும் ஆழம் அதிகம் என்று திருப்பிக் கொடுத்த மனிதர். என்னைப் பெண் பார்க்க வந்தபோது மட்டும் எப்படி ஒரே பார்வையில் சரி என்றார் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. கேட்டால், "அன்னிக்கு எனக்கு வீக்லி ஆஃப்" என்பார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில், கையடக்க வீடியோ கேமரா மெல்ல மெல்ல நம்மைப் போன்றவர்கள் வீட்டுக்குள்ளும் வரத் தொடங்கியிருந்தது. போனில் படம் எடுத்தால் ஆள் யார், தூண் எது என்று தெரியாது. அந்தச் சமயத்தில்தான் நான் முதல் பிள்ளை உண்டாகியிருந்தேன். கோவில்பட்டிவரை குலுங்கிக்கொண்டு போகக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அங்கே என் அம்மாவோ துவைக்கிற கல்லடியில் வழுக்கி விழுந்து, காலில் பிளேட் வைத்துப் படுத்திருந்தாள். ஆக, வளைகாப்பு ஓசூர் வாடகை வீட்டில், அம்மா இல்லாமல். தம்பி மட்டும் வளையலும் சீரும் கொண்டுவருவான் என்று முடிவானது. எனக்கு அழுகையாக வந்தது. அம்மா போனில் அழவில்லை, கண்டிஷன் போட்டாள்.

"எனக்கு போட்டோ எல்லாம் வேண்டாம். போட்டோல எல்லாரும் நல்லாத்தான் இருப்பாக. நீ நடக்கத நான் பாக்கணும். வயித்துப்பிள்ளக்காரிய நடையப் பாத்தாத்தான் தெரியும்."

"நான் நல்லாத்தாம்மா இருக்கேன்."

"நீ சொல்லுதத யாரு கேட்டா?"

பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பது போல நடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். அவர் கண்ணில் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்ததுமே எனக்குப் பயம் வந்துவிட்டது. கல்யாண வீடியோ எடுக்கிற ஆளைக் கூப்பிட்டால் வேலை முடிந்துவிடும் என்று அவசரமாகச் சொன்னேன். "அவன் உன் முகத்த ரோஜாப்பூக்குள்ள வச்சு சுத்த விடுவான். அத்தை நடையப் பாக்கணும்னு சொல்றாங்க, அவன் நாலா பக்கமும் இதயத்தப் பறக்க விடுவான்" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. எங்கள் கல்யாண சிடியில் நான் தாலி கட்டிக்கொள்ளும் இடத்தில் அருவி கொட்டும்.

அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சு கிடையாது. நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருப்பேன், அவர் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேமராக்களின் நிறைகுறைகளைச் சொல்லிக்கொண்டிருப்பார். கேசட் போடுகிற கேமராவில் படம் துல்லியம், ஆனால் அது ஓடுகிற 'கிர்' சத்தமும் சேர்ந்து பதிவாகும், வேண்டிய இடத்தைத் தேட முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். சின்ன சிடி போடுகிற கேமரா பார்க்க அழகு, வீட்டு பிளேயரிலேயே போட்டுப் பார்க்கலாம், ஆனால் எடுத்து முடித்ததும் அதற்கென்று உள்ள ஒரு பட்டனை அமுக்கி சிடியை முடித்து வைக்காவிட்டால் வேறு எந்த பிளேயரும் அதைச் சீண்டாது. நல்ல தரத்தில் எடுத்தால் ஆரத்தி கரைப்பதற்குள் சிடி தீர்ந்துவிடும். ஹார்ட் டிஸ்க் உள்ள கேமராவில் ஊரையே எடுக்கலாம், ஆனால் அதை இறக்கி வைக்கக் கம்ப்யூட்டர் வேண்டும். கோவில்பட்டியில் எங்கள் தெருவில் இருந்ததெல்லாம் டிவியும் தீப்பெட்டிக் கட்டும்தான்.

"அப்ப எதுதான் வாங்குறது?" என்றேன்.

"டிரையல் பாக்காம எப்படிச் சொல்றது?"

கம்பெனியில் யார் யாரிடமோ கெஞ்சி மூன்று விதத்திலும் ஒவ்வொன்று இரவல் வாங்கிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கெலவரப்பள்ளி அணைக்கு அழைத்துப்போனது அவருடைய ஷிப்ட் நண்பர். பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர். பாகலூர்ப் பக்கம் தெலுங்கு பேசும் விவசாயக் குடும்பம், ஷிப்ட் முடிந்தால் முட்டைக்கோஸ் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விடுவார். என்னை 'வதினா' என்பார், தெலுங்கில் அண்ணி. கோஸ் மூட்டை ஏற்றுகிற அவருடைய வண்டியின் முன்சீட்டில் தலையணை போட்டு என்னை உட்கார வைத்து, முட்டை ஏற்றிப்போவது போல மெதுவாக ஓட்டினார்.

அணைக்கரையில் நான் நடந்தேன். கேசட் கேமராவுக்கு ஒரு நடை, சிடி கேமராவுக்கு ஒரு நடை, ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு நடை. "அதே வேகத்துல நடக்கணும், இல்லைனா கம்பேர் பண்ண முடியாது" என்று தூரத்திலிருந்து சத்தம் வேறு. வெயில் மாறிவிட்டது என்று எல்லாவற்றையும் மறுபடி எடுத்தார். மீன் வறுத்து விற்றுக்கொண்டிருந்த அம்மாள், "பாவம், புள்ளத்தாச்சிய எதுக்குப்பா இப்படி ஓட்டுறீங்க?" என்று கேட்டதோடு எனக்கு ஒரு துண்டு மீனும் தந்தாள். நடந்ததற்கு எனக்குக் கிடைத்த லாபம் அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், மூன்றிலும் காற்று மட்டும் பிரமாதமாகப் பதிவாகியிருந்தது. நான் பேசியது ஒன்றும் கேட்கவில்லை. பெட்டிமேல் பெரிதாகப் போட்டிருந்த ஜூமை இழுத்துப் பார்த்தார். நான் வரவர கட்டம் கட்டமாகிக் கடைசியில் சமையலறைத் தரை மாதிரி ஆகிவிட்டேன். பொழுது சாய்ந்த பிறகு எடுத்ததில் என் முகம் முழுக்கப் புள்ளி. "இருட்டுல இது தேறாது, ரிஜெக்ட்" என்றார். என்னைச் சொல்கிறாரா, கேமராவையா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கடைசியில் கேசட் கேமராதான் என்று தீர்ப்பானது. காரணம் எளிது. கேமராவையே தம்பி கையில் கோவில்பட்டிக்குக் கொடுத்துவிடலாம், வயரை டிவியில் சொருகினால் அம்மா படுத்தபடியே பார்க்கலாம். இதை நான் முதல் நாளே சொன்னேன். சொன்னது நான் என்பதால் அதற்கு டிரையல் தேவைப்பட்டது.

பெங்களூரில் மலிவு என்று அங்கே போய் வாங்கினோம். திரும்பி வரும்போது அத்திப்பள்ளி தாண்டியதும் அவருக்கு வியர்க்கத் தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் ஜூஜுவாடி செக்போஸ்டில், வரி கட்டாத சாமான் என்று பெட்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று யாரோ ஷிப்டில் அவருடைய காதில் போட்டிருந்தார்கள். பெட்டியை என் மடியில் வைத்து முந்தானையால் மூடச் சொன்னார். "புள்ளத்தாச்சிய யாரும் கேக்க மாட்டாங்க." வயிற்றோடு பெட்டியும் சேர்ந்து இரட்டைப் பிள்ளை போல ஆனது. செக்போஸ்டில் லாரிகளைத்தான் மறித்தார்கள். எங்கள் பஸ்ஸை ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. கண்டக்டர் மட்டும் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா" என்று கவலையோடு கன்னடத்தில் சொல்லி, கேட்காமலேயே வண்டியை எங்கள் தெருமுனையில் நிறுத்தினார்.

வளைகாப்பன்று அவர் வந்தவர்களை வரவேற்க வேண்டும், கேமராவை யார் பிடிப்பது? அதற்கும் தேர்வு வைத்தார். ததும்பத் ததும்பத் தண்ணீர் நிரம்பிய டம்ளரைக் கையை நீட்டிப் பிடிக்க வேண்டும், சிந்தக் கூடாது. என் தம்பி உடனே ஃபெயில். பிரஸ் மெஷின் நண்பர் சிலை மாதிரி நின்றார். பேட்டரி வீணாகும் என்பதால் அவருக்குப் பயிற்சி வாயாலேயே நடந்தது. "இந்தப் பட்டன அமுக்கினா ஓடும், இன்னொரு தடவ அமுக்கினா நிக்கும். அவ்வளவுதான்."

பக்கத்து வீடுகளின் தெலுங்கு, கன்னடப் பெண்களெல்லாம் வந்து வளையல் போட்டார்கள். எந்தக் கைக்கு முதலில் போடுவது என்று மூன்று பாஷையில் சண்டை நடந்து, சிரிப்பில் முடிந்தது. நண்பர் முட்டி மடித்து, நாற்காலி மேல் ஏறி, ஜன்னல் கம்பியில் தொங்கி எடுத்தார். நான் அம்மாவுக்காக இரண்டு தடவை எழுந்து நடந்து காட்டினேன். அம்மா அந்தக் கேமராவுக்குள்ளேயே இருப்பது போல இருந்தது. அதைப் பார்த்துச் சிரித்தேன்.

அன்று மாலையே தம்பி ஊருக்குக் கிளம்பினான். கேசட்டை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றேன். "வேண்டாம், பின்னால ஓட்டி, கை தவறி எதையாவது அமுக்கிட்டா அழிஞ்சு போயிரும்" என்று கேசட்டின் பூட்டைத் தள்ளிப் பத்திரப்படுத்தி, கேமராவைத் துண்டில் சுற்றிக் கொடுத்துவிட்டார். இட்லித் தட்டைத் திருப்பிக் கொடுத்த மனிதரின் கையிலிருந்து சோதிக்காமல் வெளியே போன ஒரே சரக்கு அதுதான்.

மறுநாள் தம்பி போன் செய்தான். சிரிக்கிறானா இருமுகிறானா என்று தெரியவில்லை.

"யக்கா, படம் பூரா காலா ஓடுது."

"என்ன காலு?"

"எல்லார் காலும். ஒரு மூஞ்சி கூட இல்ல. தரை, கோலம், செருப்பு, சாப்பாட்டுப் பந்தி இலைக்குக் கீழ ஒரு பூனை. அம்மா நடுவுல படுத்திருக்கா, தெருவே வந்து உக்காந்து பாக்குது. யாரோ ஒருத்தர் அத்தான திட்டுதாரு. 'இந்தாளோட அந்தம்மா எப்படித்தான் குப்பை கொட்றாங்களோ'ன்னு தெளிவாக் கேக்குது. அப்புறம் தயிர்ச்சாதத்துல உப்பில்லங்காரு."

என் வீட்டுக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க ஒரு கேமரா இல்லையே என்று இருந்தது. உடனே நண்பரை வரவழைத்தார். விசாரணை எங்கள் கூடத்தில் நடந்தது.

"நீங்க சொன்ன மாதிரியே தான் அமுக்கினேன். அமுக்கினதும் செவப்பு வந்துச்சி. நம்ம மெஷின் மேல செவப்பு லைட்டு எரிஞ்சா என்னா? நின்னு போச்சின்னு தானே? சரி, ஏதோ ஃபால்ட்டுன்னு இன்னொரு தபா அமுக்கினேன். பச்சைல எழுத்து வந்துச்சி. ஆங், இப்ப ஓடுதுன்னு எடுக்க ஆரம்பிச்சேன். எடுத்து முடிச்சதும் அமுக்கி, செவப்பாக்கி, கீழ தொங்க விட்டுட்டேன். நீங்களே சொல்லுங்க வதினா, பச்சைன்னா ஓடுதுன்னு தானே அர்த்தம்?"

கேமராவில் அது தலைகீழ், சிவப்பு என்றால் படம் பதிவாகிறது, பச்சை என்றால் நிற்கிறது. ஆனால் சிவப்பு எரிகிற மெஷின் ஓடுகிறது என்று கம்பெனியில் யாராவது சொன்னால் முதலில் எழுதி மேலே அனுப்புகிறவர் என் வீட்டுக்காரர்தான். நண்பர் பூனையை எடுத்திருக்கிறார், என்னை எடுக்கவில்லை. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவ்வளவு பேர் நடுவில், அம்மாவுக்காக நடந்து காட்டி, யாரும் இல்லாத கேமராவைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

சாயங்காலம் அம்மாவே கூப்பிட்டாள். படம் கெட்டுப்போனதற்கு அவளுக்கு ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று போனை எடுத்தேன்.

"ஏட்டி, கால் ஏன் அப்படி வீங்கியிருக்கு?"

நான் என்னை அறியாமல் சேலையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"மெட்டி விரலுக்குள்ள புதைஞ்சு கெடக்கு. கழட்டவே வராது போலயே. ஊனி ஊனி நடக்க. நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னு எங்கிட்ட போன்ல பொய்யா சொல்லுத?"

அத்தனை கால்களுக்கு நடுவில் எது என் கால் என்று யாரும் அவளுக்குக் காட்டித் தரவில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்குவது சகஜம் என்று நானாகவே நினைத்துக்கொண்டு, சேலையைத் தழையக் கட்டி எல்லோரிடமும் மறைத்திருந்தேன். எல்லாவற்றிலும் குறை கண்டுபிடிக்கிற என் வீட்டுக்காரருக்கே தெரியாது. அவர் என் முகத்தை எப்படி எடுப்பது என்பதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் டாக்டரம்மா என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, "இதை ஏன் முன்னாடியே சொல்லலை?" என்று திட்டினார். மாத்திரை எழுதினார், உப்பைக் குறைக்கச் சொன்னார், படுத்தே இருக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் என் காலுக்குக் கீழே இரண்டு தலையணையை அடுக்கி, உயரம் சமமா என்று குனிந்து பார்த்தார்.

அந்த வாரத்திலேயே ஒரு காலைப் பொழுதில் வாசலில் கார் வந்து நின்றது. பின்சீட்டில் தலையணைக்கு நடுவே அம்மா. அவளுடைய டாக்டர் வேண்டாம் என்றாராம், தம்பி வேண்டாம் என்றானாம், யாரைக் கேட்டாள்? வாக்கரைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, மெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக் கழற்றத் தொடங்கினாள். வலித்தது. நான் அழுதது வலிக்காக இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரர் ஓசைப்படாமல் தம்பி திருப்பிக் கொண்டுவந்திருந்த கேமராவைக் காரிலிருந்து எடுத்துவந்து, புதுக் கேசட் போட்டு, சிவப்பு எரிகிறதா என்று இருமுறை பார்த்து, எங்கள் பக்கம் திருப்பினார். அம்மா தலை நிமிரவில்லை.

"அத அங்கிட்டு வைங்க மருமகனே. எம்மவள நான் நேர்ல பாத்துக்கிட்டு இருக்கேன்லா."