மூங்கில் வளைவில் நிற்கச் சொன்னேன்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எனக்கு நடந்தது இது. இதில் பேயை விட என்னைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.

நான் பைமான். ஜாவாவில் எரிமலைச் சரிவில் மணல் லாரி ஓட்டுகிறேன். எங்கள் பக்கம் மலையின் வாய் வரைக்கும் வீடுதான், வயல்தான். கையகல இடம் சும்மா கிடக்காது. அதனால் மலை பொங்கினால் ஓடுகிற கூட்டமும் பெரிது.

அன்று பகல் 1.20. சாம்பல் கொட்டி ஊரே இருட்டிவிட்டது. லாரியில் அறுபது பேர் நெருக்கியடித்து நின்றார்கள். மூங்கில் வளைவில் ஹெட்லைட் வெளிச்சத்தில் துகிஜோ அண்ணன். பக்கத்து வீட்டுக்காரர். கையில் மாட்டுக் கயிறு.

"பைமான், இதையும் ஏத்திக்கடா. சினை மாடு."

"மாட்டுக்கு டிக்கெட் எடுத்தியாண்ணே?" மேலே எவனோ கத்தினான். அந்த நேரத்திலும் நாலு பேர் சிரித்தார்கள்.

"இடமே இல்லண்ணே. நீ மட்டும் ஏறு."

அவர் மாட்டைப் பார்த்தார். அசையவில்லை.

"சரி, இவங்கள இறக்கிட்டு வரேன். இங்கயே நில்லு."

"வருவியா?"

"சத்தியமா வரேன்."

முகாம் ஒரு பள்ளிக்கூடம். சேர்ந்தபோது 1.55. எல்லாரையும் இறக்கினேன். திரும்பி ஏறி, சாவியில் கை வைத்தேன். மலை உறுமியது. இறங்கிவிட்டேன். யாரோ தேநீர் கொடுத்தார்கள். லாரிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்து குடித்தேன். பாதையை மூடியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரும் மூடவில்லை.

2.40. மலைப் பக்கம் ஒரு நீண்ட சத்தம்... பிறகு சத்தமே இல்லை.

3.10க்கு வகுப்பறைக்குள் போனேன். துகிஜோ மனைவி கசினெம் பாயில் உட்கார்ந்திருந்தாள். அவள் கேட்பதற்கு முன்பே பொய்யை எடுத்துவிட்டேன்.

"கூப்பிட்டேன் அண்ணி. மாட்டை விட்டு வரவே மாட்டேன்னுட்டாரு."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"என்ன சொல்ற? இப்பத்தானே வந்துட்டுப் போறாரு?"

"யாரு?"

"அவருதான். பைமான் கெளம்பிட்டானான்னு கேட்டாரு. வளைவுல நான் இல்லன்னா அவன் தேடுவான்னு உடனே திரும்பிட்டாரு. ஒரு வாய் தண்ணி கூடக் குடிக்கல."

குனிந்து தரையைப் பார்த்தேன்.

வெள்ளைத் தரையில் சாம்பல் காலடிகள். வெறுங்கால். பாயருகே தொடங்கி வாசலுக்குப் போயின. உள்ளே வந்த தடம் ஒன்றுகூட இல்லை.

பின்தொடர்ந்தேன்.

முற்றம்... கொடிக்கம்பம்... என் லாரி.

இடது பக்கக் கதவோடு தடம் நின்றுவிட்டது.

கண்ணாடி ஏற்றியிருந்தது. கதவு பூட்டியிருந்தது. திறந்தேன்.

யாருமில்லை.

சீட்டில் விரல் கனத்துக்குச் சாம்பல். நடுவில் ஓர் ஆள் உட்கார்ந்த பள்ளம்.

தொட்டேன்.

சுட்டது...

அப்போதாவது வண்டியை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. சாவியை வேறொருவனிடம் கொடுத்துவிட்டு, கூட்டத்துக்கு நடுவில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் மீட்புக்குழு மேலே போனது. மூங்கில் வளைவில், பாதையோரம், உட்கார்ந்தபடியே இருந்தாராம். லாரி வரும் திசையைப் பார்த்து. 2.40க்கு மலையிலிருந்து இறங்கிய அனல் மேகம்தான் கொன்றது என்றார்கள். முகாமிலிருந்து அந்த வளைவுக்கு முப்பத்தைந்து நிமிடம். 1.55க்கே கிளம்பியிருந்தால் போய்ச் சேர்ந்திருப்பேன்.

மாடு அங்கே இல்லை. தானாக நடந்து கீழ் ஊருக்கு வந்து, ஒரு சோளக்காட்டில் கன்று போட்டிருந்தது. அதன் கழுத்தில் அரைமுழம் கயிறு. மீதிக் கயிறு துகிஜோ அண்ணன் மடியில். பக்கத்தில் அரிவாள். அவரே அறுத்திருக்கிறார்.

மாட்டை விட்டுவிட்டு, என்னோடு வரத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தார்.