லூதிவீன் கேட்கும் முதற்கேள்வி

அமெரிக்காவின் மெயின் மாநிலத்து வடகோடியில், செயின்ட் ஜான் ஆற்றங்கரையில் வாழும் எங்களுக்கென்று ஒரு பொய் உண்டு. பாவசங்கீர்த்தனத்தில் அதை யாரும் சொல்வதில்லை. சொல்லத்தக்கது என்று தோன்றுவதும் இல்லை. நிலவறையில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் உலை அணைந்துவிட்டால் அதன் முகப்பில் ஒரு சிவப்புப் பொத்தான் துருத்தி நிற்கும். அதை ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம். பற்றாவிட்டால் ஆளை அழைத்துவிட வேண்டும். எங்கள் ஆண்களோ அழைப்பதற்குமுன் அந்தப் பொத்தானை ஒரு கை பார்த்துவிடுவார்கள். பிறகு தொலைபேசியில், "ரெண்டு தடவைதான்" என்பார்கள்.

லூதிவீன் டெய்கிள் ஒன்பது ஆண்டுகள் அந்தப் பொய்யைக் காதால் வாங்கியவள். எண்ணெய்க் கடையில் தொலைபேசி எடுப்பது அவள் வேலை. காலையில் "இரண்டு தடவை" என்று சீட்டில் எழுதிக் கொடுப்பாள். பழுது பார்க்கப் போனவர் மாலையில் முகமெல்லாம் கரியாகத் திரும்புவார். ஒவ்வோர் அழுத்தலுக்கும் அரை நிமிடம்போல உலைக்குள் எண்ணெய் பீய்ச்சப்படுகிறது. எரியாத எண்ணெய் எங்கும் போய்விடுவதில்லை, தேங்கிக் காத்திருக்கும். பொறி பிடிக்கும் வேளையில் அத்தனையும் ஒருசேரப் பற்றி, உலை ஒரு தும்மல் போடும். சூடான காற்று வரும் வழியெல்லாம் கரியும் வரும். சில வேளைகளில் உலையின் கதவே பறக்கும்.

கேட்டது போதும் என்று, நாற்பதாம் வயதில் லூதிவீன் தொழில் பயிலப் போனாள். வகுப்பில் இருபத்திரண்டு ஆண்கள். பெண் அவள் ஒருத்தி. தேர்வில் அவள் முதலாவதாக வந்ததை அவள் சொல்லமாட்டாள். அவள் கணவன் சொல்வான், கேட்காதவர்களிடமும்.

அன்றுமுதல், எந்த வீட்டில் நுழைந்தாலும் வணக்கத்துக்கு முன்னே வருவது அவளுடைய கேள்வி: எத்தனை தடவை? விடையை இரண்டால் பெருக்கிக்கொள்வாள். பத்தாண்டுகளில் அந்தக் கணக்கு பெரிதாகப் பிசகியதில்லை.

சென்ற நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை நண்பகல், ஒனேசிம் தூமோன் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. உருளைக்கிழங்கு பயிரிடும் குடும்பம். ஒனேசிம் லூதிவீனோடு ஒரே பள்ளியில் படித்தவர். மறுநாள் அவர் மகள் ஜிசேலுக்குத் திருமணம். வெளியே முதற்பனி முழங்காலளவு கிடந்தது. முன்னறையில், சுருக்கம் விழாதிருக்க, சூடான காற்று வரும் தரைச்சட்டத்துக்கு நேர்மேலே மணப்பெண்ணின் வெள்ளுடை தொங்கியது. உள்ளே வந்ததும் லூதிவீன் கண்டது அதைத்தான்.

"எத்தனை தடவை?" என்றாள்.

"முதல்ல உக்காரு. காபி கொதிக்குது."

"எத்தனை தடவை, ஒனேசிம்?"

"ரெண்டு."

"கோயில்ல நிக்கிறதா நெனச்சுக்கிட்டுச் சொல்லு."

"கோயில்ல நின்னாலும் ரெண்டுதான். பள்ளிக்கூடத்துலயே நீ யாரையும் நம்பமாட்ட."

"பள்ளிக்கூடத்துல என் பென்சிலை எடுக்கலேன்னும் நீதான் சொன்ன."

அவள் நிலவறைக்கு இறங்கினாள். படிக்கட்டின் தலைமாட்டில் இருந்த சுவிட்சை அணைத்தாள். தொட்டியிலிருந்து வரும் எண்ணெய்க் குழாயை மூடினாள். பிறகே உலையைத் திறந்தாள். இரண்டாண்டுகளாக யாரும் துடைக்காத உலை. பொறி தெறிக்கும் கம்பியின் பீங்கான் உறை விரிசல் விட்டிருந்தது. எண்ணெய் தெளித்தும் தீ பிடிக்காததற்கு அதுவே காரணம். அதை மாற்றினாள். தெளிக்கும் முனையையும் வடிகட்டியையும் மாற்றினாள். சிறு கண்ணாடியை நீட்டி உலையின் அடியைப் பார்த்தாள். மெல்லிய பளபளப்பு மட்டும் தெரிந்தது. நான்கு அழுத்தலுக்கு அவ்வளவு இருக்கும். ஆனால் உலையின் உள்ளே பதித்த, தீப்பிடிக்காத பஞ்சுப் பொதி எண்ணெயைக் குடித்துவிட்டு ஈரத்தைக் காட்டாதிருக்க வல்லது என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால்தான் அவளுக்கு எண்ணிக்கை வேண்டும்.

நான்கு என்றே கொண்டு, தேங்கியதை ஒற்றி எடுத்து, குழாயைத் திறந்து, படியேறிச் சுவிட்சில் கை வைத்தாள். அப்போது ஒனேசிமின் மனைவி வாலேதா, கையில் செபமாலையுடன், மகள் பின்தொடர, சமையலறையிலிருந்து வந்தார்.

"ஆச்சா, லூதிவீன்? காலையிலேர்ந்து இதுக்காகத்தான் வேண்டிக்கிட்டிருக்கேன். கீழ அது இரைஞ்சு அடங்குறப்பல்லாம் ஒரு அருள் நிறைந்த மரியே."

லூதிவீன் சுவிட்சிலிருந்து விரலை எடுத்தாள்.

"ஒவ்வொரு தடவைக்கும் ஒண்ணா?"

"ஒவ்வொரு தடவைக்கும்."

"மாலையில எத்தனை மணி நகந்திருக்கு?"

வாலேதா மாலையைப் பார்த்தார். "ஒரு பத்து முடிஞ்சுது. மேல நாலு."

ஒனேசிம் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்.

"பதினாலா, கிழவா?" என்றார் வாலேதா.

"சம்பந்தி விறகு அடுப்புக்காரரு. எண்ணெய் உலைன்னாலே சிரிக்கிறவரு. கல்யாணத்துக்கு மொத நாள் வீடு குளிருதுன்னு தெரிஞ்சா..."

"கரிச் சட்டை போட்டுக்கிட்டு உன் பொண்ணு கோயிலுக்கு நடந்திருப்பா. அப்ப அவரு சிரிக்காம இருப்பாரா?" என்றாள் லூதிவீன். குரல் உயரவில்லை. "மூணு பேரும் அந்த உடுப்பைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோங்க. ஜன்னலையெல்லாம் திறந்து விடுங்க."

மீண்டும் இறங்கினாள்; எண்ணெய்க் குழாயை மீண்டும் மூடினாள். ஊறிய பொதியைப் பெயர்த்தெடுத்தாள். ஒனேசிம் திரும்பி வந்ததும் அதை அவர் கைகளில் வைத்தாள். நனைந்த கம்பளிபோலக் கனத்தது.

"பிடிச்சுப் பாரு. இதுதான் உன்னோட ரெண்டு."

அவர் அதை மூடியிட்ட தகரவாளியில் போட்டு வெளியே கொண்டுபோனார். லூதிவீன் எண்ணெய்வாடை தீரும்வரை காற்றாட விட்டு, உள்ளே ஒரு துளி மிஞ்சாமல் துடைத்து, வண்டியில் இருந்த புதுப்பொதியைப் பதித்தாள். வாலேதா கம்பளிக் கோட்டோடு அடுப்படியில் நின்று ப்ளோய் என்னும் எங்கள் ஊர்த் தோசைகளை வார்த்துக்கொண்டே இருந்தார். அந்த ஓர் இடந்தான் வீட்டில் வெதுவெதுப்பு.

நான்கு மணிக்குச் சுவிட்சைப் போட்டாள். பொறி, உடனே தீ. அதன்பின் சீரான ஓர் ஓசை. புகைக்குழாயின் இழுப்பை அளந்தாள். சோதனைக் குழலால் புகையை ஒரு வெள்ளைத்தாள் வழியே இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கரிப்புள்ளி இல்லை. மேலே வந்து, அந்தத் தாளை ஜிசேலிடம் நீட்டினாள்.

"இப்ப உன் உடுப்பைக் கொண்டுவா. ரெண்டும் ஒரே வெள்ளையான்னு பாத்துக்க."

ஜிசேல் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தாள்தான் கூடுதல் வெள்ளை என்று சிரித்தாள்.

மறுநாள் திருப்பலி முடிந்து, பங்கு மண்டபத்தில் விருந்து. லூதிவீனுக்கு மணமக்களின் மேசையிலேயே இடம். கோழிக்குழம்பு பரிமாறும்போது சம்பந்தி எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்:

"நேத்து உலை நின்னுபோச்சாமே, ஒனேசிம். பொத்தானை எத்தனை அமுக்கு அமுக்கின?"

ஒனேசிம் மனைவியைப் பார்த்தார். வாலேதாவின் கை மெதுவாகச் செபமாலை இருந்த கைப்பையைத் தொட்டது.

"பதினாலு," என்றார் ஒனேசிம்.

 பிறகு பின்மேசையிலிருந்து ஒருவர், "நான் போன மாசம் ஒம்போது," என்றார். "எங்க வீட்டுல பதினொண்ணு," என்றார் இன்னொருவர். "இருபதுக்கு மேல எண்ணலப்பா," என்று மூலையில் ஒரு குரல். சிரிப்பு மேசைக்கு மேசை தாவிற்று. விறகு அடுப்புச் சம்பந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒனேசிமின் தட்டில் தம் பங்கு இறைச்சியை எடுத்து வைத்தார்.

கடைசியில் பங்குத்தந்தை தொண்டையைச் செருமினார். "என் வீட்டு உலையும் ஜனவரியில நின்னுது. எல்லாரும் உண்மை சொல்றப்ப நான் மட்டும் மறைக்கலாமா? ஏழு தடவை."

லூதிவீன் மரியாதையாகத் தலையசைத்தாள். பிறகு, பழக்கம் விடாமல், மனத்துக்குள் இரண்டால் பெருக்கிக்கொண்டாள்.